6302

எங்கள் வீட்டு எஸ்டி மோட்டார் சைக்கிளின் முன்சக்கரச் சத்தத்தை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. 1998ஆம் வருடம், மழைக்காலம். அப்பா இரண்டாம் ஷிப்ட் முடித்துப் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்குத் திரும்பும்போது ராத்திரி பதினொன்றரை ஆகிவிடும். தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டதும் அம்மா குழம்பைச் சூடு பண்ண எழுந்துவிடுவார். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக்கூடாது என்று அப்பா தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, கடைசி இருபது முப்பது அடியை உருட்டிக்கொண்டுதான் வருவார். அன்றைக்கு அம்மா கதவைத் திறந்தபடியே, "இஞ்சின் நின்னப்புறமும் ஏதோ அரைக்குதே" என்றார்.

ஓடும்போது இஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை. உருட்டியபோது கேட்டது. உலர்ந்த மிளகாயை அம்மியில் முதல் இழுப்பு இழுக்கிற மாதிரி, சொரசொரவென்று.

அப்பா மறுநாளே ஒரு கடையில் விட்டார். பேரிங் போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் இருந்த ஸ்பேசர் துருப்பிடித்துவிட்டதாகவும், குழாயில் புதிதாகக் கடைந்து போட்டிருப்பதாகவும் சொன்னார்கள். வண்டியை எடுக்கும்போது ஆக்ஸில் நட்டை முறுக்கினால் சக்கரம் இறுகியது. தளர்த்தினால் லேசாகச் சுற்றியது. கடைக்காரர் நட்டை அரைச் சுற்று பின்னுக்கு விட்டு, ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். அப்பாவும் நம்பினார். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்த அரைச் சுற்றின் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

பதினோராம் நாள், வேலை முடிந்து வரும் வழியில், சந்தாபுரா தாண்டியதும் ஹேண்டில் உதறியது. பிரேக் பிடிப்பதற்குள் முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து டிரம்மில் உரசி நின்றுவிட்டது. அப்பாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த லாரி தள்ளி வந்ததால் உயிர் தப்பினார். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டெம்போக்காரர் வண்டியை ஏற்றிக்கொண்டு, அத்திபெலே வரைதான் வருவேன் என்றார். அதனால்தான் எங்கள் எஸ்டி அத்திபெலேயில் இறங்கியது.

அந்தக் காலத்து அத்திபெலேயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் கர்நாடகத்தின் செக்போஸ்ட், அந்தப் பக்கம் ஜூஜூவாடியில் தமிழ்நாட்டின் செக்போஸ்ட். நடுவில் லாரிகளின் வரிசை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச்சாவடிகள் போகும்வரை அந்த வரிசை ஊரின் ஒரு அங்கமாகவே இருந்தது. நிற்கிற லாரிக்கு டயர் வேண்டும், பட்டை வேண்டும், பேரிங் வேண்டும். அதனால் சாலையின் இருபுறமும் பங்க்சர் கடைகள், லேத் பட்டறைகள், வெல்டிங் ஷெட்கள். ஆனேக்கல் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் இரு சக்கர வண்டி வேலை நடந்தது. ஷெட்காரரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மகனிடம் உருது, லாரி முதலாளிகளிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். ஜாவா, எஸ்டி என்றால் வண்டியைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார்.

அவர் ஆக்ஸிலை உருவினார். சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, அதன் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் சுண்டுவிரலை விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் செம்பழுப்பில் பசை. கிரீஸும் இரும்புத் தூளும் கலந்தது. பிறகு வந்தது உடைந்த கூண்டு, அதன்பின் நசுங்கிய குண்டுகள். கடைசியாக அந்தப் புது ஸ்பேசர். அதைக் கையில் நிறுத்திப் பார்த்தவர், ஹப்பின் உள்ளே இரண்டு பேரிங்குகளும் உட்காரும் விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, ஸ்பேசரையும் அளந்தார்.

"ஒரு மில்லி குறைவு தம்பி. உங்கப்பா கை உடைஞ்சது இந்த ஒரு மில்லியில."

அன்று அவர் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டியதை இன்றும் என்னால் அப்படியே வரைய முடியும். சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு பேரிங்குகள். அவற்றின் வெளி ரேஸ், அதாவது வெளி வளையம், ஹப்போடு சுற்றும். உள் ரேஸ் ஆக்ஸிலோடு நிற்கும். ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது அந்த அழுத்தம் உள் ரேஸ், ஸ்பேசர், மறுபக்கத்து உள் ரேஸ் என்று ஒரே நேர்கோட்டில் போக வேண்டும். ஸ்பேசர் குட்டையாக இருந்தால் அழுத்தம் தாங்க ஆளில்லை. உள் ரேஸ்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும், குண்டுகள் பள்ளத்தின் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் ஏறி ஓடும். சக்கரம் இறுகுவது அதனால்தான். நட்டைத் தளர்த்தினால் இறுக்கம் போனதுபோல் தெரியும். ஆனால் பிடிப்பில்லாத ஆக்ஸில் உள்ளே ஆடி ஆடிப் பேரிங்கைத் தின்றுவிடும். நட்டை முழுதாக முறுக்கிய பிறகும் சக்கரம் ஒரு விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றாத சக்கரத்தை எந்தக் கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

அப்பாவுக்கு இன்னொரு கவலை இருந்தது. மைசூரில் எஸ்டி செய்த ஐடியல் ஜாவா 1996லேயே மூடிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு ஷெட்டின் மரப்பலகையில் உட்கார்ந்து, "இனிமே சாமானுக்கு எங்க பாய் போறது?" என்றார்.

பாய் பழைய பேரிங்கின் வெளி ரேஸைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பக்கவாட்டில் பொடி எழுத்தில் 6302. "கம்பெனியத்தான் மூடினாங்க. இந்த நம்பர யாரும் மூட முடியாது சார்."

அதன் பிறகு அந்த நான்கு இலக்கங்களைப் பற்றி நான் நிறையத் தெரிந்துகொண்டேன். 63 என்பது பேரிங்கின் வகையையும் கனத்தையும் சொல்லும். கடைசி இரண்டு இலக்கம் உள்துளை. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆக 6302 என்றால் உள்ளே 15, வெளியே 42, அகலம் 13 மில்லிமீட்டர். ஜெய்ப்பூரில் செய்ததானாலும் புனேயில் செய்ததானாலும் ஜப்பானிலிருந்து வந்ததானாலும் இந்த மூன்று அளவும் மாறாது. செக் நாட்டில் வரைந்து மைசூரில் வார்த்த ஹப்புக்குள் உலகத்தின் எந்த மூலையில் செய்த 6302ஐயும் உட்கார வைக்கலாம். அப்பா தினமும் போய்வந்த ஓசூர் சாலையில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலேயே எஸ்.கே.எஃப். கம்பெனியின் பேரிங் தொழிற்சாலை இருக்கிறது. சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்து நெசவாலை ஒன்றில் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட், ஆலையின் தண்டுகள் நேர்கோடு விலகி விலகிப் பேரிங்குகளைத் தின்பதைப் பார்த்து, தானே ஒரு பேரிங்கை வடிவமைத்து 1907இல் தொடங்கிய கம்பெனி அது. ஒரு ஆலையின் தொல்லையைத் தீர்க்கப் பிறந்தது நம் சாலையோரம் வரை வந்து நிற்கிறது.

கிடைக்காதவை வேறு. ஸ்பேசர், தூசி மூடி, கம்பளி போன்ற ஃபெல்ட் வளையம், அதை அழுத்திப் பிடிக்கும் தகர வாஷர். இவற்றுக்கு நம்பர் கிடையாது. அந்த வண்டிக்கென்றே பிறந்தவை. பல கடைகளில் இவற்றைத்தான் குப்பையில் போட்டுவிட்டுப் பேரிங்கைப் பத்திரமாகத் துடைத்துக் கையில் கொடுப்பார்கள். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் தலைகீழாகச் செய்ய வேண்டும். தேய்ந்த பேரிங்கைத் தூக்கிப் போடுங்கள். அந்த ஃபெல்ட் வளையத்தைப் பெட்டியில் வையுங்கள்.

பாய் லேத்தில் சரியான நீளத்துக்கு ஒரு ஸ்பேசர் கடைந்து வாங்கி வந்தார். பெங்களூர் எஸ்.ஜே.பி. சாலையில் எண்ணைச் சொல்லி இரண்டு பேரிங் வாங்கி வரும்படி என்னை 356ஆம் நம்பர் பஸ்ஸில் அனுப்பினார். "டப்பாவப் பாத்து வாங்காத. பேரிங்க வெளிய எடுத்து எழுத்தப் பாரு. எழுத்து மங்கலா, கோணலா இருந்தா வேண்டாம்னு வந்துரு." டூப்ளிகேட் அப்போதே நிறைய. இன்று டப்பாவையும் எழுத்தையும் அசல்போலவே அச்சடிக்கிறார்கள் என்பதால் நம்பிக்கையான கடையைத் தவிர வேறு வழியில்லை.

நான் திரும்பி வந்தபோது ஹப்பின் ஒரு பக்கத்து சர்க்ளிப்பைக் கழற்றி வைத்திருந்தார். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார் என்று எதிர்பார்த்தேன். ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். பாய் பக்கத்து டீக்கடையிலிருந்து கொதிக்கிற வெந்நீர் ஒரு பாத்திரம் வாங்கினார். நான் வாங்கி வந்த பேரிங்குகளைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, எதிர் ஜூஸ் கடையின் ஐஸ் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். அரைமணி கழித்து, வெந்நீரை ஹப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அலுமினிய ஹப் சூட்டில் விரியும். எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 42 மில்லிமீட்டர் குழியில் அந்த வித்தியாசம் தலைமுடியின் பருமனில் பாதி இருக்கலாம். அந்தப் பாதி முடிதான் வேண்டும். குளிர்ந்த பேரிங்கை வைத்து, மேலே பழைய பேரிங்கின் வெளி ரேஸை வைத்து, மரக்கட்டையால் நான்கு தட்டு. உள்ளே போய் அடியில் உட்கார்ந்த நொடியில் சத்தம் மாறியது. தொம் தொம் என்றிருந்தது, டிங் என்றது.

"வெளி ரேஸ ஹப்புக்குள்ள ஏத்தணும்னா வெளி ரேஸத்தான் தட்டணும். உள் ரேஸத் தட்டினா அடி குண்டு வழியாப் போகும். குண்டு அடி வாங்கக்கூடாது தம்பி."

உள் ரேஸில் விழுகிற ஒவ்வொரு அடியும் குண்டுகளின் வழியாக வெளி ரேஸின் பள்ளத்தில் ஒரு சிறு குழி பதிக்கும். கண்ணுக்குத் தெரியாது. எஃகுக் குண்டை அழுத்திப் பதியும் குழியை வைத்து உலோகத்தின் கடினத்தை அளக்கும் முறையை 1900ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் என்ற சுவீடன்காரர். பேரிங்கில் விழும் இந்தக் குழிக்கும் பொறியாளர்கள் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அடித்து ஏற்றிய பேரிங் அன்றைக்கு அமைதியாகத்தான் சுற்றும். ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் கழித்துக் குழியின் விளிம்பு உதிரத் தொடங்கும். அப்போது எல்லோரும் பேரிங் தயாரித்த கம்பெனியைத் திட்டுவார்கள். மாட்டிய நாளிலேயே அதன் ஆயுள் குறைந்துவிட்டது என்பது யாருக்கும் தோன்றாது.

ஒரு பக்கம் முடிந்ததும் ஸ்பேசரை உள்ளே இறக்கினார். அதை மறந்துவிட்டு அடுத்த பேரிங்கை ஏற்றினால் திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இரண்டாவது பேரிங்கை ஸ்பேசரைத் தொடும்வரை மட்டும் தட்டினார். அதற்கு மேல் ஒரு தட்டுகூட இல்லை. கிரீஸைக் கட்டைவிரலால் குண்டுகளுக்கு இடையே தள்ளினார். குழி நிரம்ப அடைக்கவில்லை. எங்கள் தாத்தா மாட்டுவண்டியின் குடத்துக்கு வைக்கோல் சாம்பலையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை பூசுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர் அள்ளி அள்ளிப் பூசுவார். பேரிங் அப்படியல்ல. மூன்றில் ஒரு பங்கு போதும். வயிறு முட்ட அடைத்தால் கிரீஸே கடையப்பட்டுச் சூடாகி உருகி வழியும், வழிந்தது பிரேக் ஷூவில் போய்ச் சேரும்.

அந்தச் சக்கரத்தில் அப்பா 2009இல் ஓய்வு பெறும்வரை போய்வந்தார். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா, மழை, வெயில், நடுவில் மேம்பால வேலைக் குழிகள். பேரிங் வாயைத் திறக்கவில்லை.

அப்பா 2013இல் காலமானார். அதன்பிறகு மூன்று வருடம் வண்டி ஓடவில்லை. வீட்டு முன்னால் ஸ்டாண்டில் நின்றது. நிற்கிற வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். 2016 செப்டம்பரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்து முன்சக்கரத்தைச் சுற்றியபோது, பழைய ரேடியோவின் பேண்ட் பொத்தானைத் திருப்புவதுபோல் கட்டம் கட்டமாக நின்று நின்று சுற்றியது. எங்கள் தெரு வழியாகக் கனரக லாரிகள் போகும். ஒவ்வொரு லாரிக்கும் தரை அதிரும், வண்டியும் அதிரும். ஒரே இடத்தில் நிற்கும் குண்டுகள் அந்த அதிர்வில் பள்ளத்தை மெல்ல மெல்லச் சுரண்டுகின்றன. இடையில் இருந்த கிரீஸும் பிதுங்கி விலகிவிடுகிறது. ஓடாமல் நிற்கிற வண்டிக்கு மாதம் ஒருமுறையாவது சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிவிட வேண்டும். அப்பா இருந்திருந்தால் செய்திருப்பார். எனக்குத் தெரிந்திருந்தும் செய்யவில்லை.

செப்டம்பர் 11, ஞாயிறு. மெதுவாக ஓட்டிப்போய் பாயின் ஷெட்டில் விட்டேன். கழற்றி வைப்பதாகவும், திங்களன்று பேரிங் வாங்கி வரும்படியும் சொன்னார். திங்கட்கிழமை, 12ஆம் தேதி, காவிரிக்காகப் பெங்களூர் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட லாரிகளும் பேருந்துகளும் தீக்கிரையாயின. மாநில எல்லையில் வண்டிப் போக்குவரத்து நின்றது. மறுநாள் பக்ரீத். பாய்க்கு வாழ்த்துச் சொல்ல போன் செய்தேன். வண்டியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே, "உன் வண்டி ஷெட்டுக்குள்ள இருக்கு, பயப்படாத" என்றார்.

15ஆம் தேதி ஓசூரிலேயே இரண்டு 6302 வாங்கிக்கொண்டு நடந்தேன். ஒரு பேரிங் எண்பது கிராம் சொச்சம். இரண்டையும் எண்ணெய்க் காகிதத்தோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜூஜூவாடியில் பஸ்கள் நின்றுவிட, குழந்தைகளை இடுப்பிலும் பெட்டிகளைத் தலையிலும் வைத்துக்கொண்டு இரு பக்கமிருந்தும் சனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பெங்களூர் வேலைக்குத் திரும்புகிறவர்கள். அந்தச் சாலையில் வண்டியே இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். நடக்கிற காலடிச் சத்தம் கேட்டது.

ஷெட்டின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். எஸ்டி பின்பக்கம் நின்றது. முன்சக்கரம் இல்லை, நம்பர் பிளேட்டின்மேல் கோணிப்பை கட்டியிருந்தது. பக்ரீத்தின் மூன்றாம் நாள். வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது. சாப்பிட்ட பிறகுதான் வேலை என்றார். டீக்கடை மூடியிருந்ததால் வீட்டிலிருந்தே வெந்நீர் வந்தது. ஐஸ் இல்லை, அவர் மகன் பேரிங்குகளை வீட்டு ஃப்ரிஜ்ஜில், குர்பானி கறிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து வந்தான். பாய்க்கு அப்போது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பழைய ரேஸை வைத்து நான் பிடித்தேன், மகன் தட்டினான், பாய் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். டிங் என்றதும் கையைத் தூக்கினார்.

1998இல் வெளியே எடுத்த ஃபெல்ட் வளையமும் தகர வாஷரும் அன்றும் திரும்ப ஏறின. பேரிங் மட்டும் இந்த முறை இருபுறமும் ரப்பர் மூடி போட்டது. பழைய வண்டிக்காரர்களில் சிலர் இதை ஒப்பமாட்டார்கள். திறந்த பேரிங் போட்டு வருடா வருடம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் கிரீஸ் வைப்பதுதான் முறை என்பார்கள். வருடா வருடம் உண்மையிலேயே கழற்றுகிறவர்களுக்கு அது சரி. மழையில் ஓட்டுகிற, வாட்டர் சர்வீஸுக்கு விடுகிற வண்டிக்கு ரப்பர் மூடிதான் நல்லது என்பது என் முடிவு. ஒரு விஷயம்: எந்த மூடியானாலும் ஹப்பின் நடுவில் நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள். அந்த வேகத்தை எந்த ரப்பரும் தாங்காது.

மறுநாள் தமிழ்நாட்டில் பந்த். வண்டி தயாராக இருந்தும் ஓட்டிக்கொண்டு வர முடியவில்லை. எல்லை திறந்து, பயம் தெளிந்து, நான் போய் எடுத்தபோது பல நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் தினம் காலையில் சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிவிட்டதாக அவர் மகன் சொன்னான்.

பாய் இப்போது இல்லை. ஷெட் இருந்த இடத்தில் மொபைல் கடை. ஜாவா, எஸ்டி பெயர்களில் புது வண்டிகள் வந்துவிட்டன. அவை வேறு வண்டிகள். மைசூரில் செய்த பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன, நல்ல கைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டாவது ஞாயிறன்று, உலக ஜாவா தினத்தில், அவற்றைப் பெங்களூரில் வரிசையாகப் பார்க்கலாம். டேங்கின் குரோமில் முகம் தெரியும்.

அந்த வரிசைக்கு வண்டி எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்தின நாள் பாலிஷ் போடுவதற்கு முன் இஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒரு கையால் சக்கரத்தின் மேலேயும் மறு கையால் கீழேயும் பிடித்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்துப் பாருங்கள். பிறகு ஃபோர்க்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். டொக்கென்று ஆட்டமோ, கையில் சொரசொரப்போ தெரிந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.